பொற்பீடத்தின் முன்னே பெண் பார்த்த கதை

பனிப்போர்வையை மெல்ல விலக்கி மகாவலி ஆறு ஓட, கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைகளெல்லாம் இளங்கதிர் வாங்கி ஒளிர, ஏரிக்கரை மரங்களில் கொக்கினங்கள் சிறகுலர்த்தியிருந்த ஒரு தைத்திங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. நகருக்கு மேலே மலைச்சரிவில், ஓடு வேய்ந்த எளிய கூரையோடு ஒரு கத்தோலிக்கக் கோயில் நின்றது. வெளியே நின்று பார்ப்பவர் அதனைத் தேயிலைக் கிடங்கென்றே எண்ணுவர். உள்ளே நுழைந்தவரோ திறந்த வாய் மூடார். போர்த்துக்கல் நாட்டு நகரொன்றின் பழம்பெருங்கோயில் நிழலில் வளர்ந்த குரு ஒருவர், அங்கிருந்த பொற்பீடத்தை மறக்கமாட்டாமல், அதே வடிவில் இங்கும் ஒன்றை எழுப்பியிருந்தார். முறுக்குண்ட தூண்கள், அவற்றைச் சுற்றி ஏறும் திராட்சைக் கொடிகள், கொடியிடையே கன்னம் உப்பிய வானவச் சிறுவர், எங்கணும் பொற்பூச்சு. வெற்றிடமென்று ஒரு சாண்கூட விட்டுவைக்கவில்லை அந்த நல்ல மனிதர்.

கம்பளைத் தொடர்வண்டி நிலைய எழுத்தனான சந்தியாகு, தாய்மாமன் சவரிமுத்துவுடன் அன்று அங்கு வந்தது பீடத்தைக் காண அல்ல, பெண்ணைக் காண. வீட்டுக்குப் போய்ப் பணிகாரம் உண்டபின் வேண்டாமென்றால் இரு குடிக்கும் தலைக்குனிவு என்பதால், பூசை முடிந்ததும் கோயிலுக்குள்ளே தற்செயலாய்ச் சந்திப்பதுபோல் பார்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். வலப்புறத் தூணருகே மெழுகுதிரி ஏற்றுபவள்தான் பரிமளம், நன்றாகப் பார்த்துக்கொள் என்று மாமன் வழியெல்லாம் ஓதியிருந்தார். பெண்ணின் தந்தை அருளப்பனோ செபமாலையை விடாமல் உருட்டிக்கொண்டிருந்தார். முன்னரே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இருமுறையும் தலைகவிழ்ந்து நின்ற பரிமளம், தன்னை வேண்டாமென்றவர்களின் முகத்தைக்கூடக் கண்டதில்லை.

பரிமளம் திரியை ஏற்றினாள். அணைந்துவிட்டதுபோல் காட்டி மீண்டும் ஏற்றினாள். சந்தியாகு அண்ணாந்த தலையை இறக்கவேயில்லை. கொடியைப் பற்றியபடியே மேலேறிய அவன் கண்கள், உச்சியில் ஒரு வானவச் சிறுவன் திராட்சைக் குலையைத் திருடித் தின்பதைக் கண்டுபிடிக்க, அவன் தனக்குள்ளே சிரித்துக்கொண்டான். மாமன் இருமினார், முழங்கையால் இடித்தார், பயனில்லை. அதற்குள் பெண்வீட்டார் வெளியேறிவிட்டனர்.

முற்றத்தில் எல்லாரும் கூடியதும், "பொண்ணப் புடிச்சிருக்கா, மாப்பிள்ள?" என்று கேட்டார் மாமன்.

தலையை ஆட்டிவிட்டிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திராது. பாவம், அவனுக்குப் பொய் வரவில்லை.

"நான் பொண்ணப் பாக்கவே இல்ல, மாமா. அந்தப் பீடத்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். தப்பு எம்மேலதான்."

அருளப்பனின் முகம் கறுத்தது. மாமன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, பெண் இன்னொருமுறை உள்ளே சென்று நிற்கலாகாதா என்று கெஞ்ச, தந்தையும் வேறு வழியின்றி மகளைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் பரிமளம் முக்காட்டை விலக்கி நிமிர்ந்தாள்.

"வேணாம்ப்பா. அவரு அண்ணாந்து நின்ன நேரமெல்லாம் நான் அவர நல்லாப் பாத்துட்டேன். எனக்குப் புடிச்சிருக்கு. அவரு இப்பப் பாத்துச் சொல்லட்டும்."

சந்தியாகு பார்த்தான். பார்த்தவன் சொல்லவேண்டியதை மறந்து அப்படியே நிற்கவே, அவன் பிடரியைப் பற்றி ஆமென்று அசைத்துவைக்கும் பொறுப்பும் மாமன் தலையிலேயே விழுந்தது. அருளப்பன் அழுகையோடு சிரித்தார்.

காண வந்தவன் காணாது நிற்க, காணப்பட வந்தவள் ஆற அமரக் கண்டு தேர்ந்தாள். நன்மக்களே, நம் குடிப்பிறந்த பெண்களுக்கெல்லாம் இப்படியொரு பொழுது வாய்க்குமாயின், நம் இல்லங்களில் எத்துணை மகிழ்ச்சி நிறையும்.