பெரிய டாக்டரின் தாகம்

இதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மருத்துவமனை ஒலிபெருக்கியில் டோக்கன் எண் கூப்பிடுவது என் வேலை. என் வீட்டுக்காரிக்கு அங்கேதான் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. முந்தின ராத்திரியே ‘எதுவும் குடிக்கக் கூடாது’ என்று கட்டிலில் போர்டு மாட்டினார்கள். தியேட்டருக்குள் கொண்டுபோனதோ மறுநாள் சாயங்காலம். என்னைத் திட்டக்கூட நாக்கு புரளாமல் கிடந்தாள். எங்கள் குடித்தனத்தில் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. வயிறு எரிந்தது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை பெரும்பாலானவர்கள் வெறும் தண்ணீர் குடிக்கலாமாம். அதே மருத்துவமனையில் பெரிய டாக்டரே ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார். மாநாட்டில் பரிசு வாங்கி, கட்டுரைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார். வார்டுக்கு மட்டும் சொல்லவில்லை.

வார்டு சிஸ்டர் என் மருமகள். “என்னம்மா இதெல்லாம்?” என்றேன்.

“உத்தரவு வரணும் மாமா. அவர் ரூம்ல ஆணி அடிச்சா வார்டுக்குத் தெரியுமா?”

வீட்டுக்காரிக்கு அடுத்து குடலிறக்க ஆபரேஷன் செய்தாக வேண்டும். “மறுபடி அந்தப் போர்டுக்குக் கீழ படுக்கறதுக்கு, வலியோடயே போய்ச் சேர்றேன்” என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

நான் கறுவினேன். என் கறுவல் பெரிய டாக்டருக்கு மூல நோயாக இறங்கியது. ஆபரேஷனுக்காக அவரும் அதே வார்டில், அதே போர்டுக்குக் கீழே குப்புறப் படுத்தார். அவர் முறை வந்தபோதெல்லாம் நான் வேறு எண்ணைக் கூப்பிட்டேன். நடுநடுவே ஒலிபெருக்கிக்கு முன்னால் குடத்திலிருந்து சொம்புக்குத் தண்ணீர் ஊற்றினேன், மெதுவாக. கேட்டவர்களுக்கெல்லாம் தொண்டை வறண்டது. மீன் தொட்டியில் மீன்கள்கூடக் குடித்து, தண்ணீர் ஒரு சாண் இறங்கியது.

“சிஸ்டர், ஒரு வாய் தண்ணி குடும்மா” என்றார் பெரிய டாக்டர்.

“போர்டு தொங்குதே சார்.”

“குடிக்கலாம்னு கண்டுபிடிச்சதே நான்தான்.”

“அப்படியா சார்? எங்க இருக்கு அது?”

“என் ரூம்ல.”

“அங்க எங்களை விடமாட்டீங்களே சார்.”

மைக்கை அவர் வாயருகே கொண்டுபோய் நீட்டினேன். “ஊருக்கே சொல்லிடுங்க டாக்டர்.”

சொன்னார். கரகரத்த குரலில், யார் குடிக்கலாம், யார் கூடாது, எவ்வளவு நேரம் முன்புவரை என்று விவரமாக உத்தரவு போட்டார். அடுத்த நிமிடம் எல்லா வார்டிலும் போர்டுகள் இறங்கின. நோயாளிகள் மடக் மடக்கென்று விழுங்கிய சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மாடித் தொட்டி காலி. மருமகள் டாக்டருக்காகக் குழாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி வாசலுக்குள் நுழைவதைப் பார்த்ததும் அவர் எண்ணைக் கூப்பிட்டேன். நாக்கு ஒட்டிக்கொள்ள, என்னை ஒரு வார்த்தை திட்ட முடியாமல் தியேட்டருக்குள் போனார். என் வயிறு குளிர்ந்தது.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரி சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். இரண்டு மணி நேரம் கழித்து, தியேட்டர் கதவு சாத்தும்வரை என்னைத் திட்டிக்கொண்டே போனாள்.

அந்த மருத்துவமனைக்கு இதுவரை அஸ்திவாரம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள்.