சந்திரம்மாவின் நடை

அம்மாவின் பேரில் எழுதும் மனுவின் நாலாவது வரியில் ஜெனிட்டாவின் பேனா நின்றுவிட்டது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதியாகிவிட்டது. ‘எனக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி இடது கால் செயலிழந்து’ என்பது வரைக்கும் கை தானாக ஓடியது. அதற்குப் பிறகு, அந்தக் காலை வைத்துக்கொண்டு அம்மா எப்படி நடக்கிறாள் என்று எழுத வேண்டும். தாலுகா ஆபீஸ் சுப்புராமன் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். “நடக்க முடியலன்னு பொத்தாம்பொதுவா எழுதாதம்மா. எத்தப் புடிச்சிகினு நடக்குறாங்க, படி ஏற முடியுதா, எங்க வலிக்குது, அத்தயெல்லாம் எழுது. அப்பதான் ஆர்.டி.ஓ. மறுபடி மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாரு.” ஜெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். சந்திரம்மா தரையில் இடது காலை நீட்டி உட்கார்ந்து, மகாபலிபுரத்துக் கடை ஒன்றுக்காகச் சிப்பி மாலை கோத்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வருடமாக இந்த அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அம்மா எப்படி நடப்பாள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நேராக நடப்பாள். அதைத்தான் மனுவில் எழுத முடியாது.

ஊனமுற்றோர் உதவித்தொகை நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. மாதா மாதம் போஸ்ட்மேன் தர்மராஜ் வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே “சந்திரம்மா, மணியார்டரு” என்று கூப்பிடுவார். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மகாபலிபுரம் போகும் ரோட்டில் இருந்த அந்தக் காலனியில், பெரும்பாலான வீடுகளில் தபால் என்றால் ஆம்பிளை பேருக்குத்தான் வரும். ஜெனிட்டாவின் அப்பா செத்துப்போன வருடத்திலிருந்து சந்திரம்மாவின் பேருக்கு வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். தொகை பெரிதில்லை. ஜெனிட்டா மறைமலைநகர் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்த பிறகு, அது இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்குப் பழுதில்லை. ஆனால் பணம் வராத மூன்று மாதமும், தர்மராஜின் சைக்கிள் மணி கேட்கிற நேரத்துக்குச் சந்திரம்மா எதையாவது சாக்கு வைத்துக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவர் தெருவைத் தாண்டிப் போன பிறகுதான் உள்ளே வருவாள்.

பிறகு கடிதம் வந்தது. செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த மறுஆய்வு முகாமில் சந்திரம்மாவின் ஊனம் முப்பத்தைந்து சதவீதம் என்று கணக்கிடப்பட்டிருப்பதால், அவர் தகுதியற்றவராகிறார். முகாமுக்கு ஜெனிட்டா கூடப் போகவில்லை. கம்பெனியில் ஸ்டாக் எடுக்கும் வாரம் அது.

“முன்னாடி எழுபதுன்னு போட்டுக் கொடுத்த காலு, இப்ப எப்படிம்மா முப்பத்தஞ்சு ஆச்சு?” என்று அன்றைக்கு ஜெனிட்டா கேட்டாள். “அந்த டாக்டரு உன்ன ஒழுங்கா பாக்கவே இல்லையா?”

“பாத்தாரு. நல்ல மனுசன்தான். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடம்மான்னாரு. நடந்தேன்.”

“எப்படி நடந்த?”

சந்திரம்மா ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள். “அங்க டேபிள் போட்டுப் பேரு எழுதிகினு உக்காந்திருந்தது உங்க கணக்கு டீச்சருடி. கண்ணாடி போட்டிருப்பாங்களே, அவங்க. ‘நீங்க ஜெனிட்டா அம்மாதானே? ஜெனிட்டா இப்ப இன்னா பண்றா?’ன்னு கேட்டாங்க. கம்பெனியில கீறான்னேன். ரொம்ப சந்தோசப்பட்டாங்க. அவங்க பாத்துகினு இருக்கசொல்ல நான் எப்படிடி…” என்று சொல்லி, மீதியைச் சொல்லாமல் ஒரு சிப்பியை எடுத்து ஊதினாள்.

ஜெனிட்டாவுக்கு மீதி தெரியும். தெரியாதது போல இத்தனை நாள் இருந்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்புக்குச் செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அம்மா வந்திருந்தாள். ஆளுயர மூங்கில் கோல் ஒன்றை வலது கையில் ஊன்றி, இடது கையால் இடது தொடையை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு முழுக்கச் சாய்ந்து எழுந்து, கேட்டிலிருந்து வகுப்பு வரைக்கும் அந்த நீள வராந்தாவைக் கடந்து வந்தாள். எல்லா வகுப்பின் ஜன்னலிலிருந்தும் பிள்ளைகள் பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு பெண்கள் ஸ்கேலை ஊன்றிக்கொண்டு அதே போல நடந்து காட்டினார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெனிட்டாவும் சிரித்தாள். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், “இனிமே நீ ஸ்கூலுக்கு வராத. வந்தா கோலு இல்லாம, எல்லாரு மாதிரியும் நடந்து வா” என்றாள். பதினோரு வயது. சந்திரம்மா கோபப்படவில்லை. சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் அம்மாவின் முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு இருந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா ஒருநாள், “உங்கம்மாவுக்கு இன்னாடி பேஜாரு? விடியறதுக்குள்ள ஏரிக்கரை மேல போயி வுழுந்து வுழுந்து எழுந்துகினு கீறா” என்று கேட்டாள். ஜெனிட்டா தெரியாது என்றாள். அம்மாவைக் கேட்கவும் இல்லை. பள்ளி விளையாட்டு விழா அன்று சந்திரம்மா கோல் இல்லாமல் வந்தாள். செருப்புக்குள் துணியை மடித்து வைத்து உயரத்தைச் சரிக்கட்டியிருந்தாள். புடவை மடிப்புக்குள் மறைந்திருந்த கை தொடையை உள்ளுக்குள்ளாகவே தள்ளியது. முகத்தில் லேசான சிரிப்பு. கேட்டிலிருந்து பந்தல் வரைக்கும் நேராக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று ஜெனிட்டாவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறகு அதுவே அம்மாவின் நடையாகிவிட்டது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான் நடந்தாள். இரண்டு வருடமாக இடுப்பில் வலி என்று தைலம் தேய்க்கிறாள். குளிர் என்பாள், வயது என்பாள்.

ஜெனிட்டா பேனாவை எடுத்து, ‘கோல் இல்லாமல் என்னால் நடக்க இயலாது’ என்று எழுதினாள். அது பொய்யா உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியபோது, சந்திரம்மா வாசித்துப் பார்க்காமலே தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து மெடிக்கல் போர்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஜெனிட்டா கம்பெனியில் காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்தாள். காலையில் முதல் வேலையாகச் செல்லம்மா வீட்டுப் பந்தக்காலில் கட்டியிருந்த ஒரு கம்பை வாங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்தாள். சந்திரம்மா அதைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதைக் குடையைப் போல மடியோடு ஒட்டிப் படுக்க வைத்துக்கொண்டாள்.

“ம்மா. அங்க போயி செருப்ப கழட்டிடு. கைய மடிப்புக்குள்ள வைக்காத. எப்படி வருதோ அப்படி நட.”

“நடிக்க சொல்றியா?”

“நடிக்காதன்னுதாம்மா சொல்றேன்.”

சந்திரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்கு இப்ப எது நடிப்புன்னு தெரிலடி” என்றாள். குறை சொல்கிற குரலில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பது போலத்தான் சொன்னாள். ஜெனிட்டா டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி ஊசி போல ஆக்கினாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவர்களைக் கூப்பிடும்போது பதினொன்றரை மணி. உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு லேடி டாக்டர், பக்கத்தில் ஒரு நர்ஸ். டாக்டர் பழைய சான்றிதழையும் முகாம் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சந்திரம்மாவைப் படுக்க வைத்து இரண்டு கால்களையும் டேப்பால் அளந்தார். தொடையை அழுத்திப் பார்த்தார். இடது தொடை ஜெனிட்டாவின் மேல்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. அவள் அதை அதற்கு முன் பார்த்ததே இல்லை. “எழுந்து அந்த ஜன்னல் வரைக்கும் நடங்கம்மா” என்றார் டாக்டர்.

சந்திரம்மா கம்பை எடுத்தாள். ஒரு எட்டு ஊன்றினாள். பிறகு ஜெனிட்டாவை ஒருமுறை பார்த்தாள். கம்பு கையில் சும்மா தொங்க, மற்ற கை மடிப்புக்குள் போக, ஜன்னல் வரைக்கும் நேராக நடந்தாள். திரும்பியும் நேராக வந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஜெனிட்டாவுக்கு ஆத்திரம் வந்தது. “ம்மா, நான் சொன்னேன்ல?” என்று பல்லைக் கடித்தாள்.

டாக்டர் அம்மாவைப் பார்க்காமல் ஜெனிட்டாவைப் பார்த்தார். “நீ மகளா?”

“ஆமாங்க மேடம்.”

“கொஞ்சம் வெளியில இரும்மா.”

“இல்ல மேடம், அவங்களுக்கு நான்தான் எல்லாம் எடுத்துச் சொல்லணும்…”

“அவங்களே சொல்லுவாங்க. நீ வெளியில இரு.”

வெளியே பெஞ்சில் இடமில்லை. ஜெனிட்டா கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றாள். கதவு முழுசாகச் சாத்தவில்லை, நாலு விரல் இடைவெளி இருந்தது. உள்ளே டாக்டரின் குரல் கேட்டது: “இப்ப யாரும் இல்லம்மா. நடங்க.” செருப்பைக் கழற்றி வைக்கும் சத்தம். பிறகு கம்பு தரையில் விழுந்து ஊன்றும் ‘டொக்’. அதன் பின்னால் பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் சத்தம். ஒரு மூச்சு அளவுக்கு இடைவெளி. மறுபடி டொக், மறுபடி தேய்ப்பு. பன்னிரண்டு வருடமாகக் கேட்காத சத்தம். சின்னப் பிள்ளையில் பாயில் அரைத்தூக்கத்தில் படுத்துக் கிடக்கும்போது அந்தச் சத்தம் தெருக்கோடியிலிருந்து கிட்டே வரவர, அம்மா வந்துவிட்டாள் என்று புரண்டு படுத்துத் தூங்கிப் போவாள். கதவு இடைவெளி வழியாகப் பார்த்தால் தெரியும். ஜெனிட்டா பார்க்கவில்லை. தன்னை வெளியே அனுப்பிய பிறகுதான் அம்மாவால் அப்படி நடக்க முடிகிறது என்னும்போது, ஒளிந்து நின்று அதை எந்த முகத்தோடு பார்ப்பது? பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, “உக்காரும்மா” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நர்ஸ் கூப்பிட்டு உள்ளே போனபோது சந்திரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழுதிக்கொண்டே பேசினார். “அறுபத்தஞ்சு போட்டிருக்கேன். ரிப்போர்ட் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயிடும். உங்க பணம் திரும்ப வரும். ஆனா இடுப்பு எலும்பு ரொம்பத் தேஞ்ச மாதிரி இருக்கும்மா, எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும். இத்தன வருஷம் கோல் இல்லாம, இழுத்துப் புடிச்சி நடந்ததுல வந்தது. யாரு உங்கள இப்படி நடக்கச் சொன்னாங்க?”

ஜெனிட்டா ஒரு எட்டு முன்னால் வந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

“யாரும் சொல்லல டாக்டரம்மா,” என்றாள் சந்திரம்மா, அவளுக்கு முந்திக்கொண்டு. “நானாத்தான் பழகிகினேன். கோலு புடிச்சா கையில சாமான் எடுத்தார முடில பாருங்க, அதான்.”

டாக்டர் நிமிர்ந்து ஜெனிட்டாவைப் பார்த்தார். ஜெனிட்டா வாயை மூடிக்கொண்டாள். சீட்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். “தேங்க்ஸ் மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவில் வந்தார்கள். இறங்கும்போது ஜெனிட்டா கம்பை அம்மாவின் கையில் கொடுத்தாள். “இத ஊனிகினு வாம்மா. மெதுவாவே போலாம். பஸ்ஸு எங்கயும் போயிடாது.” சந்திரம்மா வாங்கிக்கொண்டாள். நாலு எட்டு நிஜமாகவே ஊன்றி நடந்தாள். ஜெனிட்டா கூடவே, அவள் நிற்கும்போது நின்று, நடக்கும்போது நடந்தாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பதினோரு வயதிலிருந்து ஆரம்பிப்பதா, இன்றைக்கு அந்த ரூமுக்குள் வாயை மூடிக்கொண்டதிலிருந்து ஆரம்பிப்பதா என்று தெரியவில்லை. “ம்மா” என்றாள்.

“இன்னாடி?”

அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ, “அடிப்பாவி ஜெனி! உனக்கு ஜொரம்னு சொன்னாங்க?” என்று கத்தினார்கள். சம்பத். டிஸ்பாட்ச் பிரிவில் அவளோடு வேலை செய்பவன். செகண்ட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க, யூனிபார்ம் சட்டையோடு நின்றிருந்தான். “இங்க இன்னா பண்ணிகினு கீற? சினிமாவா?”

“இல்ல சம்பத்து, ஆஸ்பத்திரிக்கு… அம்மாவ இட்டுகினு வந்தேன்.”

“அம்மாவா? எங்க?”

“இதோ” என்று ஜெனிட்டா திரும்பினாள். பக்கத்தில் யாருமில்லை. கம்பு மட்டும் டைம் டேபிள் எழுதியிருந்த தூணில் சாய்ந்திருந்தது. சந்திரம்மா அதற்குள் ஏழெட்டு எட்டு தள்ளிப் போயிருந்தாள். முதுகை நேராக நிமிர்த்திக்கொண்டு, தனியாக ஊருக்குப் போகிற யாரோ ஒருத்தி மாதிரி, திருக்கழுக்குன்றம் பஸ்ஸின் பின்வாசலைப் பார்த்து நடந்தாள். கம்பியைப் பிடித்து ஒருமுறை நின்றாள். ஏறிவிட்டாள்.

“அம்மா!” என்று ஜெனிட்டா கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நாலைந்து பேர் திரும்பினார்கள். “அதோ, அந்தப் பஸ்ஸுல. எங்கம்மா.” கையை நீட்டிக் காட்டினாள்.

சம்பத் அவள் காட்டிய பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “யாரு, அந்தப் பச்சை புடவையா?”

ஜன்னல் வரிசையில் எட்டுப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அதில் ஒருத்தியும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.