கோசிகாவின் தோளில் இருந்த பறவை

பறவையைப் பொய்யில்லாமல் படம் பிடிக்கத் தெரிந்த தமிழர் லண்டனில் ஒருவர்தான் இருக்கிறார். அது நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னாளில் ஆராய்ச்சி செய்பவர்கள் சிரமப்படக் கூடாதே என்று சொல்கிறேன்.

மற்ற எல்லாரும் ஆனந்தராஜா அண்ணையின் வழிவந்தவர்கள். ரெய்னர்ஸ் லேனில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே அவருடைய ஸ்டூடியோ. பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டு அல்பத்தில் அவரை வெல்ல ஆளில்லை. மண்டபத்தில் சேலையோடு வியர்த்து நிற்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையை வெட்டியெடுத்து அடுத்த பக்கத்தில் சுவிஸ் மலையில் நிறுத்துவார். அதற்கடுத்த பக்கத்தில் அருவிக்குள். பிள்ளை நனையாது. என் அக்கா கோசிகாவை அருவிக்குள் நிறுத்தியபோது, அவளுடைய தோளில் ஒரு சொர்க்கப்பறவையையும் இருத்திவிட்டார். அதன் செம்மஞ்சள் இறகுகள் அவளுடைய இடுப்புவரை தொங்கின.

சிரிக்கத் தெரிந்த வயதிலிருந்து அந்தப் பக்கத்தை வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிச் சிரித்திருக்கிறேன். சொந்தமாகக் கமரா வாங்கிய பிறகு அண்ணையிடமே போய்ச் சிரித்தேன்.

"அண்ணை, இது படமில்லை. தலை மாத்தின பாஸ்போட்."

"அப்பிடியொரு பாஸ்போட்டிலைதான் தம்பி உன்ரை அப்பர் இஞ்சை வந்து இறங்கினவர்," என்றார் அவர், மௌஸில் இருந்து கையை எடுக்காமல்.

அக்காவுக்கு முப்பது வயதானபோது ஹரோவில், இனி வைத்தியமில்லை என்றானவர்களைப் பராமரிக்கும் ஒரு ஹொஸ்பிஸில் கட்டில் கொடுத்தார்கள். டொக்டர் மாதக் கணக்கை விட்டுவிட்டுக் கிழமைக் கணக்கில் பேசத் தொடங்கியிருந்தார்.

"அந்தக் குருவி உண்மையிலை இருக்கோடா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"யூடியூப்பிலை கிடக்கு. பார்."

"அதுவும் ஆரோ ஒரு ஆனந்தராஜா ஒட்டினதாத்தான் இருக்கும். இப்ப கொம்பியூட்டர் தானாவே படம் கீறுது. நீ போய் எடுத்துக்கொண்டு வா. என்ரை தோளிலை இருந்தது என்னெண்டு தெரிஞ்சுகொண்டு போறன்."

"எங்கை போறாய்?"

"ஷொப்பிங்குக்கு."

அந்தப் பறவை வாழும் பப்புவா நியூகினிக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் ஆனந்தராஜா அண்ணை கடைவாசலில் என்னை மறித்தார். "குளிருக்குள்ளாலை வந்து, சோத்து ஆவி பறக்கிற மண்டபத்துக்குள்ளை கமராவை உடனை திறக்கக் கூடாது, தம்பி. லென்ஸிலை ஆவி படிஞ்சிடும். பையோடை அரை மணித்தியாலம் கிடக்கோணும். காட்டிலையும் அதுதான்."

நான் போவது காட்டுக்கு, கலியாண வீட்டுக்கு அல்ல என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன்.

எட்டு நாள் விடியமுன்னம் எழும்பி, விடுதியிலிருந்து வழிகாட்டியோடு இரண்டு மணித்தியாலம் நடந்தேன். இரத்தம் குடிக்க அட்டைகள் தவறாமல் வந்தன. பறவை வரவில்லை. ஒன்பதாம் நாள் வழிகாட்டி என் கதவைத் தட்டினார். பறவை விடுதிக்குப் பின்னாலேயே வந்திருக்கிறதாம். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த கமராவைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடினேன்.

கொப்பில் குனிந்து நின்றது. இறகுகளை முதுகுக்கு மேலே விரித்து உதறியது. நாற்பது வினாடி இருக்கும். என் கண் பார்த்து அக்காவுக்கு என்ன பயன் என்று, அந்த ஒரு பார்வைக்குப் பிறகு கண்ணைக் கமராவிலிருந்து எடுக்கவேயில்லை. உள்ளே ஒரே வெள்ளை. லென்ஸைத் துடைத்தேன். ஆவி திரும்பப் படர்ந்தது. திரும்பத் துடைத்தேன். ஆவி முழுக்க விலகியபோது எடுத்த படம் மிகத் துல்லியமானது. கொப்பில் இருந்த பாசியை ஒவ்வொரு நாராக எண்ணலாம். வெறுங்கொப்பு.

ஹீத்ரோவிலிருந்து நேரே ஹொஸ்பிஸுக்குப் போனேன். பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அக்கா கண்ணைத் திறக்கச் சற்று நேரம் எடுத்தது.

"கண்டனியோ?"

"ஓம், கண்டனான்."

"காட்டு."

"கொஞ்சம் வேலை கிடக்கு. நாளைக்குக் கொண்டுவாறன்."

"நாளைக்கு எண்டதை உன்னாலை எவ்வளவு லேசாச் சொல்ல ஏலுது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். ஆனால் வாயால் சொல்வதை நம்புகிற ஆளில்லை அவள். பதினாறு வருடம் அந்தப் பக்கத்தைக் காட்டிச் சிரித்து அவளை அப்படி ஆக்கியவன் நான்தான். அவள் திரும்பவும் தூங்கிப்போனாள்.

பஸ் பிடித்து ரெய்னர்ஸ் லேனுக்குப் போனேன். படிகளில் ஏறும்போதே ஆனந்தராஜா அண்ணையின் நக்கலுக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் வெள்ளைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கடைசிப் படத்தில் நின்றார்.

"கொப்பு நல்லா வந்திருக்கு."

அவர் கதிரையிலிருந்து எழும்பினார்.

"நான் குருவியை இருத்திவிடவோ?"

"இல்லை அண்ணை. நானே செய்யிறன்."

அவருடைய கொம்பியூட்டரில் அன்னத்துக்கும் மயிலுக்கும் நடுவில் சொர்க்கப்பறவைகளுக்கென்று தனிக் கோப்பு வைத்திருந்தார். அக்காவின் தோளில் இருந்ததை விட்டுவிட்டேன். அதை அவள் அடையாளம் கண்டுவிடுவாள். இன்னொன்றை எடுத்தேன். நான் கண்டதைவிட அது கொஞ்சம் அழகு குறைவு.

ஹொஸ்பிஸிலிருந்து அம்மா ஃபோனில் வந்தாள். "முழிச்சிட்டாள். உன்னைத்தான் கேக்கிறாள். மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. கெதியா வா, ராசா."

"வாறன்," என்றேன்.

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, முதலாவது இறகின் ஓரத்தை வெட்டத் தொடங்கினேன்.