பொறி பட்ட கண்

"யாருடீ ஃபேனை நிறுத்தினது?"

கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தபோது சின்னவள் இன்னும் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான்தான் அத்தை. காத்துல அப்பா கண்ணு காஞ்சிடும்."

அப்பா இறந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. காலைக் காப்பியைப் பாதி குடித்துவிட்டு, மீதி ஆறட்டும் என்று வைத்தவர், அதை எடுக்கவே இல்லை. சின்னவள் அவர் தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தினாள். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்தாள். கண் வங்கியில் பதினோரு வருட வேலை. இதையெல்லாம் ஃபோனில் எத்தனையோ வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறாள். ஊருக்கு மட்டும் உபதேசம் என்று இனி யாரும் அவளைச் சொல்லிவிட முடியாது.

கூடம் நிறைய அப்பாவோடு வேலை பார்த்த வெல்டர்கள். எல்லோர் சட்டையும் நனைந்திருந்தது. அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"எங்கண்ணன் உசுரோட இருந்தவரைக்கும் அவர் நெருப்புல வெந்தாரு. இப்ப நம்மள வேக வைக்கிறா அவர் பொண்ணு."

ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது.

அண்ணன் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டான்.

"கண்ணைக் குடுக்க வேணாம்னு சொல்லல. அவரே கையெழுத்துப் போட்டது. ஆனா இடது கண்ணை விட்டுடு. அதுல வெள்ளையா வடு இருக்கு. எடுத்துட்டுப் போய்க் குப்பையிலதான போடுவீங்க? அதுக்கு அது அவர்கிட்டயே இருக்கட்டும்."

"வடு முன்பக்கம் இருக்குண்ணே. எனக்கு வேண்டியது பின்பக்கம்."

"புரியற மாதிரி சொல்லு."

"கருவிழி ஒரே தோல் இல்ல, அடுக்கு அடுக்கா இருக்கும். கடைசி அடுக்கு ஒரு சவ்வு. தலைமுடி கனத்துல அஞ்சுல ஒரு பங்குகூட வராது. அதுதான் உள்ள வர்ற தண்ணிய இறைச்சு வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். அது கெட்டா கண்ணே மங்கிடும். அந்தச் சவ்வை மட்டும் உரிச்சுக் குடுத்தாப் போதும்."

"யாரு உரிப்பாங்க?"

"நான்தான்."

"கை நடுங்கினா?"

"கிழிஞ்சிடும். அப்புறம் நீ சொன்ன மாதிரி குப்பைதான்." அவள் கையை நீட்டிக் காட்டினாள். "நடுங்குதா பாரு."

அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வடு வந்த கதை அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் கடைசிவரை தெரியாது. ஏழு வயதில், சாப்பாட்டுத் தூக்கோடு அப்பாவின் பட்டறைக்குப் போன சின்னவள், பொறி பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். அப்பா தன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். காதில் நிற்காததால் கயிறு கட்டிப் பின்னால் ஒரு முடிச்சும் போட்டார். அப்புறம் வெறும் கண்ணோடு மெஷினில் இரும்பைத் தேய்க்கத் தொடங்கினார். ஒரு பொறி இடது கண்ணில் பாய்ந்தது. வீட்டில் தூசி விழுந்ததாகச் சொன்னார். அவளும் ஆமாம் என்றாள். இருபத்தொன்பது வருடமாக அந்தப் பொய் அவளுக்குக் கனத்தது. அந்தக் கண் மட்டும் வீணாகக் கூடாது.

அண்ணன் கூடத்துக்குத் திரும்பினான். யாரோ சுவிட்சுப் பக்கம் போனார்கள்.

"ஃபேனைத் தொடாதீங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றான்.

கண் வங்கியிலிருந்து வந்த இருவர், அரைமணி நேரத்தில் வேலையை முடித்துப் பெட்டியோடு கிளம்பினார்கள். சின்னவளே போய் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். அப்பாவின் நெற்றியில் கிடந்த முடி அசைந்தது. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. சத்தமாகவே அழுதாள்.

இரண்டு நாள் கழித்து அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன; எல்லாம் சரியாக இருந்தன. வலது கண்ணின் கருவிழியை அப்படியே பொருத்தலாம் என்று முடிவாயிற்று. இடது கண்ணின் கருவிழி, கண் வங்கியில் சவ்வு உரிக்கும் மேஜைக்கு வந்தது. டாக்டரம்மா நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு நீ வேணாம்மா. நான் பண்றேன்."

"போன மாசம் நீங்க ரெண்டு கிழிச்சீங்க மேடம்."

டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

நீலச் சாயம் விட்டாள். விளிம்பு தெரிந்தது. வயதானவர்களின் கண்ணில் சவ்வு எளிதாக உரியும். இளசுகளின் கண்தான் முரண்டு பிடிக்கும். அப்பா இதிலும் தொந்தரவு கொடுக்கவில்லை. இடுக்கியால் பிடித்து, அது மூழ்கியிருந்த திரவத்துக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். வடுவுக்கு நேர் பின்னால் வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டாள். கை நடுங்கவில்லை. சவ்வு முழுதாகக் கழன்று, மிதந்து, தானாகச் சுருண்டது.

"அடேயப்பா, ஒரு பிசிறு இல்ல" என்றார் டாக்டரம்மா.

படிவத்தில் முன்பக்க வடுவுக்குக் காரணம் கேட்டிருந்தது. வழக்கமாகத் தெரியவில்லை என்றுதான் எழுதுவாள். இன்று எழுதினாள்: இரும்புப் பொறி. பாதுகாப்புக் கண்ணாடியை மகள் போட்டிருந்தாள்.

டாக்டரம்மா குனிந்து படித்தார்.

"இவ்வளவும் எழுதணுமா?"

"இருக்கட்டும் மேடம்."

குப்பியை மூடி, 'இடது' என்று ஒட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நீலச் சுருள் ஒருமுறை புரண்டு மெதுவாக அடியில் போய் நின்றது. அதைப் பொருத்தும் அறுவை சிகிச்சை நாளைக் காலை எட்டு மணிக்கு.