மீன் மணக்காத வீடு

பதினாறு வருடமாக நான் கராஜுக்குள்தான் மீன் பொரிக்கிறேன். வென்ட்வேர்த்வில்லில் புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் பலரின் வீட்டில் இரண்டு குசினி. உள்ளே பளபளவென்று இருப்பது வருகிறவர்கள் பார்த்துப் புகழ்வதற்கு. கராஜில் காருக்கும் பழைய மெத்தைக்கும் நடுவே இருக்கும் காஸ் அடுப்பு, சமைப்பதற்கு. இல்லாவிட்டால் கார்பெற்றில் மணம் ஏறிவிடுமாம்.

அதனால் என் கணவர் ஆனந்தராஜா, மலைப்பக்கம் ஓபரனில் காணி வாங்கி மரக்குற்றிகளை அடுக்கி வீடு கட்டுவோம் என்றபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வீட்டுக்குள்ளே, யன்னலோடு ஒரு குசினி. "ஓம், ஓம், அதுக்கென்ன" என்றார். அதை நம்பித்தான் நானும் சேர்ந்து காணி வாங்கினேன்.

போன ஞாயிறு மத்தியானம், கட்டப்போகிற வீட்டுக்குப் பென்சிலால் கீறிய படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். பக்கத்தில் அவருடைய சிநேகிதர் பிரதீப்குமார். வாழ்நாளில் ஒரு நாய்க்கூடுகூடக் கட்டாத மனிதர், யூடியூப் பார்த்தே மரவீட்டு நிபுணராகிவிட்டார். நான் கராஜிலிருந்து அறக்குளா மீன் பொரியலைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தேன். வைத்த கையோடு தட்டு பாதியாகிவிட்டது.

"மரம் மணத்தை இழுக்கும் அண்ணை" என்றார் பிரதீப்குமார், வாய் நிறைய என் மீனோடு. "ஒருக்காப் பொரிச்சாலும் போகாது. குசினியை வெளியில தள்ளுங்கோ."

என் கணவர் உடனே பென்சிலை எடுத்து, வீட்டிலிருந்து இருபது மீற்றர் தள்ளி ஒரு சின்னச் சதுரம் கீறினார். தகரக் கொட்டில்.

"அக்காவுக்கும் நல்ல காத்தோட்டமா இருக்கும்" என்றார் பிரதீப்குமார்.

ஜூலைக் குளிர்காலத்தில் பனி கொட்டுகிற இடம் அது. காத்தோட்டமாம்!

படத்தில் வீட்டுக்குள்ளே என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? குளிர்காய நெருப்படுப்பு. பன்னிரண்டு கதிரையோடு பெரிய சாப்பாட்டு மேசை. போத்தல் அடுக்க ஒரு தனி அறை, அதற்கு யன்னல் வேறு.

"நீங்கள் எனக்குச் சொன்னது?" என்று கேட்டேன்.

"அது மரத்தைப் பற்றித் தெரியாமச் சொன்னது. நீர் இதில கையெழுத்தை வையும். ரெண்டு பேரும் வைச்சாத்தான் அனுமதிக்குக் கவுன்சிலுக்கு அனுப்பலாம்."

சொல்லிவிட்டு விரலை நக்கி, அதே விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பேப்பரில் எண்ணெய் ஊறியது. என் கைச்சமையல் வயிற்றுக்கு வேண்டும், சமைக்கிற நான் மட்டும் வீட்டுக்கு வேண்டாம். சீ என்று போய்விட்டது.

அவரிடமிருந்து பென்சிலையும் அழிறப்பரையும் வாங்கினேன். பன்னிரண்டு கதிரையையும் மேசையையும் அழித்தேன். அவற்றை அந்தத் தகரக் கொட்டிலுக்குள் நெருக்கிக் கீறினேன்.

"என்ன செய்யிறீர்?"

"மீனில மட்டுமே மணம்? திண்ட வாயிலயும் கையிலயும் இருக்குத்தானே. மரம் இழுத்துப்போடும். சாப்பிடுறவையும் கொட்டிலிலேயே இருக்கட்டும். இப்ப பேனையைத் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

"உமக்கென்ன விசரே? அந்தக் குளிருக்க மனுசர் இருக்கேலுமே?"

பிரதீப்குமார் மெல்லுவதை நிறுத்தினார். தான் என்ன சொன்னார் என்பது என் கணவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

நான் கையெழுத்து வைக்காமலே, மேசையில் கிடந்த பேனையை மூடி வைத்துவிட்டு மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.