மேல் வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்கிறார்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மேல் வீட்டிலிருந்து எடுத்தது. சும்மா எடுக்கவில்லை, அந்த வீட்டு மோகனப்பிரியாவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எழுதிக்குங்கக்கா, ஆனா எங்களையச் சந்தி சிரிக்க வெச்சுப்போடாதீங்க" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: சௌரிபாளையத்தில் ஒரு மத்தியானம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொடியில் கிடந்த துணிகளை—

அடித்துவிட்டேன். காற்று வந்துவிட்டால் கதையும் வந்துவிட்டது என்று நினைக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் அந்தக் காற்று இந்தக் கதை முழுக்க அடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆடி மாதத்தில் கோயமுத்தூரில் அதை நிறுத்த என்னால் ஆகாது.

2

பிரீத்திகாவுக்கு நாலு வயது. அம்மா மோகனப்பிரியா காரமடைக்காரி, தமிழ் வீடு. அப்பா சாய்சரண் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஆனால் வீட்டில் தெலுங்கு. காதல் கல்யாணம். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அம்மா அவளோடு தமிழில் பேசினாள், அப்பா தெலுங்கில் பேசினான். அவள் குழம்பவே இல்லை. செருப்பைப் பார்த்து யாருடையது என்று சொல்வதுபோல, ஆளைப் பார்த்து மொழியை எடுத்தாள்.

சாய்சரண் ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறக்குகிறவன். இரண்டரை வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுக் கம்பெனி வேலையாக ஆப்பிரிக்காவுக்குப் போனான். அங்கே அவன் இருந்த ஊர்களில் சிக்னல் குரலுக்குத்தான் போதும், படத்துக்குப் போதாது. தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுவான். பிள்ளை பால்கனியில் உட்கார்ந்து போனோடு தெலுங்கில் பேசுவாள். கீழ் வீட்டில் நான் ஒரு வார்த்தையும் புரியாமல் கேட்டுக்கொண்டே பாதித் தூக்கத்தில் கிடப்பேன். ஒன்றரை வருடம் என்னைத் தூங்கவைத்தது அந்தப் பேச்சுதான்.

3

(இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். அவசரக்காரர்கள் நாலுக்குப் போகலாம்.)

சாய்சரண் வீட்டுத் தெலுங்கைக் கேட்ட விஜயவாடாக்காரர் ஒருவர், "நீங்கள் தமிழைத்தான் தெலுங்கில் பேசுகிறீர்கள்" என்றாராம். தலைமுறை தலைமுறையாகத் தமிழுக்குப் பக்கத்தில் படுத்த மொழி. வார்த்தை தெலுங்காகவே இருக்க, வாக்கியம் தமிழ்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. யார் சாய்த்தது? ராஜாவா, வாத்தியாரா?

எனக்கு ஒரு கனவு வரும். எந்தக் காலம் என்று தெரியாத ஒரு மத்தியானம். பருத்திக் காட்டோரம். பால்பல் விழாத ஒருத்தி தமிழ்க் கூட்டாளிகளோடு விளையாடிவிட்டு வீட்டுக்கு வருகிறாள். வெளியே பேசிய வளைவிலேயே வீட்டுத் தெலுங்கையும் பேசுகிறாள். அம்மா திருத்துகிறாள். திருத்தித் திருத்தி அலுத்து, ஒரு நாள் அம்மாவே அப்படிப் பேசிவிடுகிறாள்.*

பிரீத்திகாவும் விட்டாளில்லை. தெலுங்கில் 'ஆமாம்' என்பதற்கு 'அவுனு'. எதிர்வீட்டுத் தெலுங்குப் பாட்டியிடம் இவள் "அவுனுங்க" என்பாள். தெலுங்குக்குக் கொங்கு மரியாதை. அந்தப் பாட்டியும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்.

* அறிஞர்கள் இதை ஒரே வாயாக ஒப்புக்கொள்வதில்லை. குழந்தைகளின் வளைவு வளர வளர நிமிர்ந்துவிடும், மொழியை மாற்றுவது பெரியவர்கள்தான் என்கிற கட்சியும் உண்டு. நான் குழந்தைகள் கட்சி. கட்சி என்று வந்தபின் ஆதாரம் எதற்கு?

4

போன மாதம் சாய்சரண் லீவில் வந்தான். மூன்று வாரம்.

"கண்ணு, நாய்னா வந்துட்டாங்க பாரு" என்றாள் மோகனப்பிரியா. பிள்ளை தலையாட்டினாள். அவனிடம் வந்து, "சாப்ட்டீங்ளா? ஃபேன் போடட்டுங்ளா?" என்றாள். தமிழில். அவன் தெலுங்கில் எதைக் கேட்டாலும் பதில் தமிழில், ங்க போட்டு வந்தது. மடிக்குக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே கதவோரம் நின்றாள்.

"அக்கா, எம்புள்ள என்னையக் கேஸ் சிலிண்டர் போடறவரைப் பாக்கறாப்புல பாக்கறாளுங்க" என்றான் என்னிடம். "இந்த லீவுல ஒட்டலீன்னா அப்பறம் எப்பங்க? மறுக்காப் போனா ரெண்டு வருசமாகிப்போகும்."

அவன் ஆத்திரத்தில் அவளுடைய பொம்மையைத் தூக்கி—

இல்லை. இந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். கதைக்குக் கொஞ்சம் காரம் வேண்டுமென்று பார்த்தேன். அவன் மாட்டேன் என்றுவிட்டான். நிஜத்தில் அவன் செய்ததெல்லாம், குழந்தை மத்தியானம் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கத்தில் எந்த மொழியில் உளறுகிறாள் என்று காது கொடுத்ததுதான். அவள் உளறவே இல்லை.

5

ஒரு விஷயத்தை மோகனப்பிரியாதான் கவனித்தாள். நாலு மணியானால் பிள்ளை அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறாள். அது அடிக்காது. அடிக்கிறவன்தான் வீட்டுக்குள் இருக்கிறானே. கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு முகம் வாடி வந்துவிடுகிறாள்.

"ஏனுங்க, ஒருக்காக் கீழ அக்கா ஊட்டுக்குப் போயி அங்கிருந்து கூப்டுப் பாருங்க" என்று புருஷனை அனுப்பினாள்.

என் ஜன்னலோரம் நின்று கூப்பிட்டான். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"நாய்னா" என்றாள். மேலே பால்கனியிலிருந்து ஒரு முறை காற்றில் வந்தது. அரை மூச்சு கழித்து அதே குரல் போனிலிருந்து வந்தது. பிறகு தெலுங்கு, கொட்டு கொட்டென்று கொட்டியது. மொழி எங்கேயும் போய்விடவில்லை. அவன் சிரித்தபடி ம்ம், ம்ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"மா இன்டிக்கி ஒக மாமா ஒச்சினாரு. மஞ்சி மாமா. நுவ்வு எப்புடு ஒஸ்தாவு?"

சிரிப்பு நின்றது. எனக்குப் புரியவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"எங்க ஊட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காரு, நல்ல மாமாவாம். நீ எப்ப வருவேன்னு கேக்கறாளுங்க."

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) பேசிக்கொண்டே படியேறுகிறான். குரல் போனிலிருந்தும் வாசலிலிருந்தும் சேர்ந்து வருகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். (அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

ஆ) 'சீக்கிரம் வருகிறேன்' என்கிறான். லீவு முடியும்வரை தினமும் நாலு மணிக்கு என் வீட்டுக்கு வருகிறான். (இதை எழுதியதும் எனக்கே என்மேல் கோபம் வந்தது.)

இரண்டையும் சாய்சரணிடம் சொன்னேன். அவன் முதலாவதற்கே பயந்தான். "ஒன்னரை வருசம் அவளுக்குத் துணையா இருந்தவன் போனுக்குள்ள இருக்கறானுங்க. நான் மேல போயி நின்னா அவன் இல்லாமப் போயிருவானுங்களே. அப்பறம் என்னையும் புடிக்கலைன்னா?"

அதனால் அவனை என் வாசலில், முதல் படிக்குக் கீழே, அப்படியே நிறுத்திவைத்திருக்கிறேன். போன் கையில் இருக்கிறது. லைன் அறுந்துபோகவில்லை. காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. மேலே பிள்ளை இரண்டாவது முறையும் கேட்டுவிட்டாள்.

அவன் என்னைப் பார்க்கிறான். எனக்குத் தெலுங்கு தெரியாது. நீங்கள் சொல்லுங்கள், எப்போது வருகிறான்?