மடியும் மாடியும்

இப்போதெல்லாம் ஆட்களுக்குப் பேசவே தெரியவில்லை. வயதானவனைக் கண்டால் போதும், தொட்டில் பிள்ளையைப் பார்த்ததுபோல் வாயைக் கோணிக்கொண்டு, "சாப்பிட்டாச்சா? சமத்து! எங்க, சிரி பாப்போம்!" என்கிறார்கள். பல் போனவனெல்லாம் பல் முளைக்காதவன் என்று நினைப்பு. அந்த முதியோர் இல்லத்தில் உப்புச் சப்பில்லாத சோற்றைக்கூட டிரைவர் விழுங்கிவிடுவார். இந்தப் பேச்சுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

காலமெல்லாம் லாரி ஓட்டியவர். ஸ்டியரிங்கை விட்டு எத்தனையோ வருடமாகியும் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். படிப்பென்று பார்த்தால் சாலைப் பலகையை எழுத்துக்கூட்டும் அளவு. எவரையும் நம்பமாட்டார். கதவைப் பூட்டிவிட்டேன் என்று யாராவது சொன்னால், தானே போய் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். பக்கவாதம் வந்து மனைவிக்கு வலது கையும் பேச்சும் போனபிறகு, இருவரும் இங்கே கீழ்த்தளத்தில் ஒரு அறையில் இருந்தார்கள். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஸ்டூல். அவள் இருமினால் கை நீட்டித் தண்ணீர் கொடுக்கிற தூரம்.

மாடி என்பது வேறு உலகம். சொன்னது புரியாத நிலைக்குப் போனவர்களை அங்கே ஏற்றிவிடுவார்கள். பெண்களுக்கு நீளமாக ஒரே கூடம், வரிசையாகக் கட்டில். புருஷனாக இருந்தாலும் சாயங்காலம் ஒரு நடை போய் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.

"சொல்றது அவங்களுக்குப் புரியுதான்னு எனக்கே சந்தேகமா இருக்கு டிரைவர்" என்று மேட்ரன் சொல்லியிருந்தாள். "பேப்பர் கிளாஸ்ல பாக்கறேன். ஒண்ணும் சரிப்படலைன்னா மேலதான். கீழ பாத்துக்க ஆள் இல்ல."

பேப்பர் கிளாஸ் என்பது கூடத்து நீள மேசையில் நடக்கும். வண்ண வண்ணமாகச் சதுரத் தாள்கள். அதை மடித்து மடித்துப் பூ செய்ய வேண்டும். கைக்கும் மூளைக்கும் நல்லதாம். நடத்துகிற பெண்ணுக்குப் பேப்பர் டீச்சர் என்று பெயர் வைத்தது, ஓய்வுபெற்ற டெய்லர். அவருக்கு டிரைவரை வம்புக்கு இழுக்காவிட்டால் பொழுது போகாது.

"என்ன டிரைவரே, பூ கட்ட வரலியா?"

"எனக்கு வேற பொழப்பு இல்லன்னு நெனச்சியா? காகிதப் பூவுக்கு வாசனையா வரப்போகுது?"

"இருக்கற வாசனையே இங்க ஜாஸ்தி. பினாயில் போதாதா?"

டிரைவர் மேசையில் உட்காரவில்லை. மனைவியின் சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். இரவெல்லாம் சரியான தூக்கமில்லை. நாற்காலிக் கைப்பிடியில் சாய்ந்துதான் நின்றார். மேட்ரன் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

பேப்பர் டீச்சர் கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கும் அதே வியாதி. ஒரு ரோஜா நிறத் தாளை அவர் மனைவி முன்னால் வைத்து, கையைத் தட்டி, பாட்டுப்போல இழுத்தாள். "மடி… எங்க, மடி செல்லம்… மடி…"

அவர் மனைவி தாளை இடது கையால் எடுத்தாள். பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, இல்ல இல்ல!" டீச்சர் சிரித்தபடி இன்னொரு தாளை மேசையில் வைத்தாள். "மடி தங்கம், மடி…"

அதுவும் மடிக்குப் போயிற்று. பிறகு மஞ்சள் ஒன்று, ஊதா ஒன்று. மேசையைச் சுற்றிலும் சிரிப்பு. அவர் மனைவி யாரையும் பார்க்கவில்லை; மடியிலிருந்த தாள்கள் நழுவாமல் கையை மேலே வைத்துக்கொண்டு, அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

வாசற்படியில் மேட்ரன் தலையை ஆட்டினாள். "பாத்தீங்கல்ல டிரைவர்? நாளைக்கு மேல ஒரு கட்டில் காலியாகுது."

"மடிக்கத் தெரியலன்னா மாடிதான்" என்றார் டெய்லர். வாய் தவறி வந்த வேடிக்கை. யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவரே தலை குனிந்துகொண்டார்.

அறைக்குத் திரும்பினால், சலவைக்குப் போன துணிகளைக் கட்டிலில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்த்ததும் டிரைவருக்கு உடம்பில் மிச்சமிருந்த தெம்பும் போயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்தார். மேலே போனால் இவளுக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்? வாய் திறந்து கேட்கவும் முடியாதே. யோசித்தபடியே, பல வருடப் பழக்கத்தில் ஒரு துண்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"இந்தா, இத மடிச்சு வையி."

அவள் ஒரு முனையை முகவாயில் இடுக்கினாள். மறு முனையை இடது கையால் இழுத்துச் சேர்த்தாள். நாற்காலியின் கைமேல் போட்டு அழுத்தி, இரண்டாக, நான்காக மடித்து அவரிடம் நீட்டினாள்.

டிரைவர் துண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பழைய செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து நீட்டி, டீச்சர் மாதிரியே இழுத்தார். "மடி…"

தாள் மடிக்குப் போயிற்று.

சீப்பை நீட்டினார். "மடி."

சீப்பும் மடிக்குப் போயிற்று. வேறென்ன வைக்கவேண்டும் என்பதுபோல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சரிதானே, மடி என்றால் மடிதான். பிள்ளையைக் கிடத்துகிற மடி, சாமானைக் கட்டுகிற மடி. அதில் அவள் என்ன தப்புச் செய்தாள்?

"அந்தப் பேப்பர மடிச்சு வையி" என்றார் கடைசியாக. அவள் அதை மடியிலிருந்து எடுத்து இரண்டாக மடித்தாள்.

லாரியில் கோளாறு தேடுகிறபோதுபோல, சத்தம் எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று டிரைவருக்குத் தெரிந்துவிட்டது.

கூடத்தில் டீச்சர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேட்ரனும் அங்கேயே இருந்தாள். டிரைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேரே போய் நின்றார்.

"ஏம்மா, உங்க ஆத்தாகிட்ட ஒரு துணியக் குடுத்தா எப்படிச் சொல்லுவ? மடின்னா, மடிங்கன்னா?"

டீச்சர் முழித்தாள். "மடிங்கன்னுதான்… ஏன் தாத்தா?"

"அத இவகிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? மடிங்கன்னா மடிக்கிறது. மொட்டையா மடின்னா மடி." தன் தொடையைத் தட்டிக் காட்டினார். "நீ சொன்ன எடத்துலதான் அவ கொண்டுபோய் வச்சா. சொன்னத அட்சரம் பிசகாம செஞ்சவளுக்கு மாடியா?"

"நான் ஆசையாத்தான் தாத்தா சொன்னேன்" என்றாள் டீச்சர். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஆசைய மனசுல வச்சுக்க. மரியாதைய வாயில வையி."

மேட்ரன் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் இல்லை. "துண்டு கிண்டு மடிச்சிருப்பாங்க, அதப் பாத்துட்டு வந்திருக்கீங்க. அது கைப்பழக்கம் டிரைவர். புரிஞ்சு செய்யறதுன்னு சொல்ல முடியாது."

அந்தச் சொல் டிரைவரை எங்கோ குத்தியது. ஒருவேளை அதுதான் உண்மையோ? அவரும்தான் தூக்கத்தில்கூடக் கியர் மாற்றுகிறாராம். ராத்திரி எட்டிப் பார்க்கிற ஆயா சொல்லியிருக்கிறாள். ஆனாலும் விடவில்லை. "அப்ப இங்கேயே பாத்துருங்க. எதுக்கு வாய்ச் சண்டை?"

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். இந்தத் தடவை கை தட்டவில்லை. நாற்காலிக்கு எதிரே குனிந்து, மெதுவாகச் சொன்னாள். "அம்மா, இந்த மூலையையும் அந்த மூலையையும் சேத்து மடிங்க."

ஒன்றும் நடக்கவில்லை. அவர் மனைவி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் ஒருதடவை எழுந்து படுத்தது. டிரைவர் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். வாயைத் திறந்தால் தானே சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அவள் செத்துப்போன வலது கையை இடது கையால் தூக்கித் தாளின்மேல் போட்டாள். கல்லுக்குப் பதில் கை. பிறகு மூலையைப் பிடித்து எதிர் மூலைக்குக் கொண்டுபோய், நகத்தால் கீறி அழுத்தினாள். கோணல்தான். ஆனாலும் மடிப்பு.

"இப்ப ரெண்டு பக்கமும் மேல தூக்கி மடிங்கம்மா."

ஒரு பக்கம் வந்தது. இன்னொரு பக்கம் கைக்கு அடங்கவில்லை, பாதியில் விட்டுவிட்டாள். பூ ஆகவில்லை, மொட்டோடு நின்றுவிட்டது. வேர்த்துப்போயிருந்தாள்.

மேட்ரன் குனிந்து அந்த மொட்டைப் பார்த்தாள். "சரி. இப்போதைக்குக் கீழேயே இருக்கட்டும். அடுத்த மாசம் திரும்பப் பாக்கலாம்."

இப்போதைக்கு. டிரைவர் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்தார். ரோடு இப்போதைக்கு நன்றாயிருக்கிறது என்று சொல்லி எத்தனை பேர் அவரைப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள்.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அய்யோ, சூப்பர் செல்லம்!" என்று கையைத் தட்டிவிட்டாள். டிரைவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல தாத்தா… சூப்பருங்கம்மா."

அவர் மனைவி அரைகுறை மொட்டை எடுத்தாள். யாரும் சொல்லாமலே அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டிரைவர் நாற்காலியைத் திருப்பித் தள்ளினார். காலெல்லாம் வலித்தது. மூலையிலிருந்து டெய்லர், "டிரைவரே, நாளைக்கு நீங்களும் உக்காந்து ஒரு பூ மடிங்க!" என்று கடைசி எழுத்துகளை அழுத்திக் கூவினார்.

"இனிமே மறக்கவே மாட்டேன் தாத்தா!" என்று பின்னாலிருந்து டீச்சர் குரல் கொடுத்தாள். "சத்தியமா!"

"பாப்போம்" என்றார் டிரைவர். பிரேக் சரியாயிடுச்சு என்று மெக்கானிக் சொல்லும்போதெல்லாம் அவர் சொன்ன அதே "பாப்போம்." திரும்பிப் பார்க்காமல் அறையை நோக்கி நடந்தார்.